உஷாகாவில் மூன்று தலைமுறையோடு ஒரு நாள்: டர்பன் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஆயாவும் தாத்தாவும் எங்கே உட்காருவார்கள்? பத்துப் பேர் சேர்ந்து தீம் பார்க் கிளம்பும் வீட்டில் முதலில் முடிவாக வேண்டியது இதுதான். டிக்கெட், சாப்பாடு, யார் எப்போது தண்ணீரில் இறங்குவது, எல்லாமே அந்த இருக்கையைச் சுற்றித்தான் வரும். பிள்ளைகளுக்கு எங்கே விட்டாலும் விளையாடத் தெரியும். பதினொரு மணிக்கு வெயிலில் நிற்க முடியாமல் ஆயா "வீட்டுக்குப் போகலாமா" என்று கேட்டுவிட்டால், அதற்குமேல் யாருக்கும் மனசு ஒட்டாது.

கணக்குக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். சர்க்கரை நோய் உள்ள ஆயா, முழங்கால் வலியுள்ள தாத்தா, மகனும் மருமகளும், மகளும் மாப்பிள்ளையும், 14, 11, 6, 2 வயதில் நான்கு பிள்ளைகள். மொத்தம் பத்துப் பேர். கீழே வரும் அளவுகள் எல்லாம் இவர்களுக்கானவை. உங்கள் வீட்டுத் தலைக்கணக்குக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இடம், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள உஷாகா மரீன் வேர்ல்ட். நகரத்துக் கடற்கரையோரமான கோல்டன் மைலின் தென்கோடியில், பாயின்ட் பகுதியில் 2004இல் திறந்தது. உள்ளே மூன்று வேறு உலகங்கள் இருக்கின்றன. உடைந்து கரையொதுங்கிய பழைய சரக்குக் கப்பல்போல் கட்டிய கட்டடத்துக்குள் மீன்காட்சியகமும், டால்பின், சீல், பெங்குவின் பகுதிகளும் சேர்ந்தது சீ வேர்ல்ட். சறுக்குகளும் குளங்களும் உள்ளது வெட் அண்ட் வைல்ட். கடைகளும் சாப்பாட்டு இடங்களும் உள்ளது வில்லேஜ் வாக். இதில் நடக்க டிக்கெட் தேவையில்லை. பக்கத்திலேயே கடற்கரை. தலைமுறைக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ள டர்பனில் இதைவிட வசதியான இடம் கிடையாது.

நாள் குறிப்பது

டிசம்பர் 16 முதல் ஜனவரி முதல் வாரம் வரை, முக்கியமாக 26ஆம் தேதியும் புத்தாண்டு நாளும், வயதானவர்களோடு அந்தப் பக்கமே போக வேண்டாம். கடற்கரை முழுக்கத் தலைகளாக இருக்கும், கார் நிறுத்த இடம் தேடியே பாதிக் காலை போய்விடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை டர்பனில் மழையும் அதிகம். புழுக்கம் தாத்தாவைச் சீக்கிரம் சோர வைக்கும்.

எங்கள் தேர்வு மே மாதம், அல்லது பள்ளி விடுமுறை தொடங்குமுன் ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. வானம் தெளிந்திருக்கும், பகலில் வெப்பம் 23 டிகிரி அளவில் நிற்கும், மழை அரிது. ஒரே குறை, காலை ஒன்பது மணிக்குக் குளத்துத் தண்ணீர் சில்லென்று இருக்கும். அதனால் குளிர்காலத்தில் முதலில் மீன்காட்சியகம், பிறகு தண்ணீர். கோடையில் இதையே தலைகீழாக்குங்கள்: வெயில் ஏறுமுன் தண்ணீர், உச்சிவெயிலில் குளுகுளுவென்று இருக்கும் மீன்காட்சியகம்.

நம் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர்கள் விரதத்தில் இருக்கும் பத்து நாளும் வேண்டாம். ஈஸ்டர் வார இறுதியில் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கும், புனித வெள்ளியன்று மவுண்ட் எஜ்கம்ப் தீமிதிக்கும் போகிற வீடு என்றால் அந்த நாட்களை அதற்கே விட்டுவிடுங்கள். செப்டம்பர் 24 விடுமுறையும் அதை ஒட்டிவரும் பள்ளி விடுமுறையும் புரட்டாசியில் விழும். அப்போது போகலாம், தாராளமாக. ஆனால் சைவச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே வாங்கிக்கொள்ளலாம் என்று ஆயாவை அழைத்துப்போய், பொரிக்கும் எண்ணெய் எது, கரண்டி எது என்று அவர் கேட்க ஆரம்பித்தால் நாள் முழுதும் அவர் தேநீரோடு நிற்பார்.

சீசன் இல்லாத மாதங்களில் வார நாட்களில் சறுக்குப் பகுதி திறக்காமல் இருப்பதுண்டு. கிளம்புவதற்கு முந்தின நாள் போன் செய்து நான்கு கேள்வி கேளுங்கள்: நாளைக்கு வெட் அண்ட் வைல்ட் உண்டா, எந்தெந்தச் சறுக்கு பழுதுபார்ப்பில் இருக்கிறது, சக்கர நாற்காலி கிடைக்குமா, வெளிச் சாப்பாடு எதுவரை அனுமதி. விலை விவரத்தையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

டிக்கெட்டை ஆளுக்கு ஆள் முடிவு செய்யுங்கள்

பத்துப் பேருக்கும் இரண்டு பகுதிக்குமான சேர்ந்த டிக்கெட் வாங்குவதுதான் பணம் வீணாகும் முதல் இடம். ஒரு தாளில் பெயர்களை எழுதி, எதிரில் சீ வேர்ல்ட், வெட் அண்ட் வைல்ட் என்று இரண்டு கட்டம் போடுங்கள். 14, 11 வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டும். தாத்தா மீன்காட்சி மட்டும். ஆயா?

ஆயாவிடம் நேரில் கேட்க வேண்டும், அதுவும் தனியாக. எல்லார் முன்னாலும் கேட்டால் "எனக்கெதுக்கு இதெல்லாம்" என்பார். தனியாகக் கேட்டு, ட்யூபில் சும்மா உட்கார்ந்தபடி தண்ணீரே சுற்றிக்கொண்டு போகும் மெதுவான ஆறு ஒன்று இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். ஆசைப்படும் ஆயாக்கள் நிறையப் பேர்.

சீ வேர்ல்ட் டிக்கெட் மட்டும் வைத்திருப்பவர் சறுக்குப் பகுதிக்குள் வந்து குடும்பத்தோடு உட்கார முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். பலர் இதை வாசலில்தான் கண்டுபிடிக்கிறார்கள். தாத்தாவை ஒரு பக்கம், பிள்ளைகளை ஒரு பக்கம் என்று பிரித்தால், சந்திக்கும் இடமாக வில்லேஜ் வாக்கில் ஒரு கடை வாசலைக் குறித்து, நேரத்தையும் சொல்லி வையுங்கள். "போன் பண்ணிக்கலாம்" என்பது போதாது. தண்ணீரில் இருப்பவர் கையில் போன் இருக்காது.

முதியோர் கட்டணத்துக்கு ஐடி அட்டை கையில் வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு உயரக் கணக்கும் உண்டு. வீட்டிலேயே செருப்பில்லாமல் கதவுநிலையில் நிறுத்தி அளந்து, எண்ணைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு சறுக்கின் வாசலிலும் உயரப் பலகை இருக்கும், அங்கே பேரம் கிடையாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு "உனக்கு இன்னும் இவ்வளவு வளரணும், அதுக்கு அடுத்த வருஷம் வரலாம்" என்று முந்தின நாளே சொல்லிவிட்டால், வரிசையில் அரை மணி நேரம் நின்ற பிறகு வரும் அழுகை இருக்காது.

சாப்பாடு

பிரியாணி வேண்டாம். மசூர் பருப்பு போட்டு, உருளைக்கிழங்கு வைத்து, பானையோடு போர்வை சுற்றி எடுத்துப்போவது நம் வீடுகளின் பழக்கம்தான், ருசியும் வேறுதான். ஆனால் அந்தச் சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் சோற்றிலும் கறியிலும் கிருமி பெருகத் தொடங்கும். காலை ஆறு மணிக்கு இறக்கிய பானையைப் பகல் ஒரு மணிக்குக் காரின் பின்பக்கத்திலிருந்து எடுத்துப் பரிமாறும்போது அது வெதுவெதுப்பாக, மணமாகத்தான் இருக்கும்; வயிற்றுப்போக்கு ராத்திரி தெரியும். பிரியாணியை அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். களைத்துத் திரும்பும்போது யாரும் சமைக்க வேண்டியிராது.

இந்த நாளுக்கு உருளைக்கிழங்கு ரொட்டி ரோல்தான் சரி. ஆளுக்கு மூன்று வீதம் 30 ரொட்டி. 1.25 கிலோ கேக் மாவு, 100 கிராம் வெண்ணெய் அல்லது எண்ணெய், உப்பு, கொதிக்கும் தண்ணீர் சுமார் 900 மில்லி. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். கொதிநீரில் மாவு வெந்து ஈரத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் ஆறு மணி நேரம் கழித்தும் ரொட்டி மடங்குகிறது; பச்சைத் தண்ணீரில் பிசைந்தது விறைத்து, மடிக்கும்போது உடையும். உள்ளே வைக்க 2 கிலோ உருளைக்கிழங்கும் 500 கிராம் பட்டாணியும். குழம்பு துளியும் இருக்கக் கூடாது, கரண்டியில் எடுத்தால் உருண்டையாக நிற்க வேண்டும்.

தவறு நடக்கும் இடம் ஒன்றே ஒன்று: சூட்டோடு சுருட்டுவது. ஆவி வெளியே போக வழியில்லாமல் ரொட்டிக்குள்ளேயே தண்ணீராகி, பகலில் பிரித்தால் கூழாக இருக்கும். ரொட்டியைத் துணியில் பரப்பி, கறியைத் தட்டில் பரப்பி, இரண்டும் நன்றாக ஆறிய பிறகு சுருட்டுங்கள். முதலில் மெழுகுத்தாள், மேலே ஃபாயில். சட்னியைத் தனி டப்பாவில் வையுங்கள்.

கூடவே 40 வடை, ஒரு டஜன் வாழைப்பழம், உப்பு பிஸ்கட் இரண்டு பாக்கெட். புரட்டாசி இல்லையென்றால் பத்து வேகவைத்த முட்டை, தோலோடு, ஐஸ் பக்கத்தில்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், ஆக 15 லிட்டர். இதில் 12 அரை லிட்டர் பாட்டில்களை முந்தின ராத்திரி உறைய வையுங்கள். முக்கால் அளவே நிரப்புங்கள், ஐஸ் விரியும்போது பாட்டில் பிளக்கும். ஐஸ் வாங்கும் செலவு மிச்சம், உருகினால் குடிக்கலாம், ரொட்டி நனையாது.

கூலர் பாக்ஸை உள்ளே எடுத்துப்போக விடுவார்கள் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். காரிலேயே நிழலில் விட்டு, பகல் பன்னிரண்டரைக்கு எல்லாரும் வெளியே வந்து கடற்கரைப் பக்கத்துப் புல்வெளியில் சாப்பிடுவது என்று திட்டமிடுங்கள். வெளியே வருமுன் திரும்பி நுழையக் கையில் முத்திரையோ பட்டையோ தேவையா என்று வாசலில் கேளுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பட்டையைக் குளத்தில் கழற்றி எறிவது வழக்கம், அதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்துப் பை

இது தனிப் பை. ஒரே ஒருவர் பொறுப்பு. அவர் தண்ணீரில் இறங்கும்போது யாரிடம் கொடுக்கிறார் என்பதும் முதலிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

இன்சுலின் பேனாவைக் காரில் விடாதீர்கள். மூடிய கார் வெயிலில் அடுப்பாகிவிடும். ஐஸ் பாட்டிலோடு நேராக ஒட்டவும் கூடாது, உறைந்துபோன இன்சுலின் வேலை செய்யாது. சின்னத் துண்டில் சுற்றி, குளிர்ப்பையில் நடுவில் வையுங்கள்.

சர்க்கரைக்கு மருந்து எடுப்பவருக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் ஆபத்து. டால்பின் காட்சி முடியட்டும், இன்னும் ஒரு சறுக்கு ஆகட்டும் என்று ஒன்றரை மணியாகும். வியர்வை, கைநடுக்கம், பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டு, உடனே அரை கப் சாதாரணக் கூல் ட்ரிங்க் கொடுங்கள். சர்க்கரையில்லாத வகை இதற்கு உதவாது. பதினைந்து நிமிடம் பார்த்து, தெளியவில்லை என்றால் இன்னொரு முறை, தெளிந்ததும் ரொட்டி. விழுங்க முடியாத நிலையிலோ மயங்கிவிட்டாலோ வாயில் எதையும் ஊற்றாமல் முதலுதவி ஆட்களைக் கூப்பிடுங்கள். கைப்பேசியில் 112, ஆம்புலன்ஸ் 10177. ஆயாவின் பையில் எப்போதும் ஒரு சின்னக் கூல் ட்ரிங்க் டப்பா இருக்கட்டும், பிள்ளைகள் கண்ணில் படாமல்.

அவர் காலைப் பாருங்கள். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கோடையில் குளத்தைச் சுற்றியுள்ள தரை கொதிக்கும். பிள்ளைகள் துள்ளி ஓடிவிடுவார்கள், ஆயா ஒன்றும் தெரியாமல் நடந்து வருவார். கொப்புளம் மறுநாள் தெரிந்து, ஆற மாதக் கணக்காகும். தண்ணீரில் இறங்கும் படிவரை ரப்பர் செருப்பு, ஏறியதும் மறுபடி செருப்பு. அதைப் படியருகில் கொண்டுவந்து வைப்பது பதினொரு வயதுப் பேரனின் வேலை என்று ஒப்படைத்துவிடுங்கள், பெருமையாகச் செய்வான்.

பிரஷருக்குத் தண்ணீர் மாத்திரை (சிறுநீரைக் கூட்டும் மாத்திரை) எடுப்பவர்களுக்கு வெயிலில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். அன்று மாத்திரையை எப்போது எடுப்பது என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால், நம் கிளினிக்குகளில் சொல்லித்தரும் கரைசலைச் செய்ய ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்: ஆறிய கொதிநீர் ஒரு லிட்டர், சர்க்கரை மட்டமாக 8 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். உப்பு கூடினால் குழந்தைக்குக் கெடுதல், கண்ணளவு வேண்டாம்.

உடுப்பும் தாலியும்

சறுக்குகளில் நீச்சல் துணி மட்டும்தான். ஜீன்ஸின் ரிவெட்டும் ஜிப்பும் சறுக்கின் ஃபைபர் கிளாஸைக் கீறும், பின்னால் வருபவரின் முதுகு அதில் கிழியும், அதனால்தான் தடுக்கிறார்கள். பருத்தி டி-ஷர்ட் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும், பிற்பகல் வடகிழக்குக் காற்று வீசும்போது உடம்போடு ஒட்டிக் குளிரெடுக்கும். உடம்பை மூடிக்கொள்ள விரும்பும் பெண்கள் முழுக்கை ராஷ் வெஸ்ட்டும் (உடம்போடு ஒட்டும் நீச்சல் சட்டை) முழங்கால்வரை நீச்சல் கால்சட்டையும் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு எங்கும் தடை இல்லை.

தாலி விஷயம் எந்தப் பலகையிலும் இருக்காது. சறுக்கில் நகை கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள், மருமகள் வாசலில் திகைத்து நிற்பார். கழற்ற மனமில்லாதவருக்கு வழி இருக்கிறது. கழுத்தை ஒட்டிய ராஷ் வெஸ்ட் போட்டு, சங்கிலியை உள்ளே விட்டு, தாலிக்குச் சற்று மேலே, உள்ளாடைப் பட்டையில் சங்கிலிக் கண்ணியோடு ஒரு ஊக்கைக் குத்துங்கள். ஊக்கின் தலை வெளிப்பக்கம் பார்க்கட்டும். மேலே ஒரு சின்ன மருந்து பிளாஸ்டரை ஒட்டினால் ஊக்கு திறக்காது. இதோடு மெதுவான ஆறு, குளம், சின்னச் சறுக்கு வரை தாராளமாகப் போகலாம். செங்குத்தாக இறங்கும் பெரிய சறுக்கை விட்டுவிடுங்கள்: கீழே தண்ணீர் முட்டி நிறுத்தும் இடத்தில் துணி கழுத்துவரை ஏறும், சங்கிலி அறுந்தால் அந்தத் தண்ணீரில் தேட முடியாது. மோதிரம், வளையல் எல்லாம் வீட்டிலேயே. பொய்ப்பல் உள்ளவர்கள் சறுக்குமுன் அதைக் கழற்றி டப்பாவில் போட்டு மருந்துப் பை ஆளிடம் கொடுக்கவும்.

பிள்ளைகளுக்கு நீலமும் வெள்ளையும் வேண்டாம். தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாது. ஆரஞ்சு, அடர் ரோஸ். இரண்டு வயதுக்கு நீச்சல் நாப்பி வேண்டும், சாதாரண நாப்பி தண்ணீரில் உப்பிப் பிய்ந்துவிடும். முன்கையில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு பெரியவரின் கைப்பேசி எண்ணை எழுதி, மேலே சன்ஸ்கிரீன் பூசாமல் விடுங்கள். மற்ற இடமெல்லாம் சன்ஸ்கிரீன், வெயிலில் இறங்க இருபது நிமிடம் முன்னால், பிறகு இரண்டு மணிக்கொரு முறை. கறுத்த தோலுக்குத் தேவையில்லை என்பது தப்பு. பெரியவருக்கு ஒரு தடவைக்கே ஏழு டீஸ்பூன் வேண்டியிருக்கும். 200 மில்லி பாட்டில் ஒன்று பத்துப் பேருக்குப் பகல்வரை வராது.

கிளம்பும் காலை

சாட்ஸ்வர்த்திலிருந்து ஹிகின்சன் ஹைவே வழியாக நகரத்துக்கு இறங்கி, பழைய பாயின்ட் ரோடான மகாத்மா காந்தி ரோடு பிடித்தால் பாயின்ட் வந்துவிடும். ஃபீனிக்ஸ், வெருலம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு எம்4 சாலையில் இறங்கிக் கடற்கரையோரமாக வருவது எளிது. ஒன்பது மணிக்கு வாசலில் இருக்க எட்டேகாலுக்கு வீட்டை விட்டாக வேண்டும். பத்துப் பேரைக் கோம்பி வேனில் ஏற்றினால் ஆளுக்கொரு சீட் பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள்; மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கார் சீட் 2015 முதல் சட்டப்படி கட்டாயம், மடியில் வைப்பது செல்லாது.

பார்க்கிங்குக்கு முன் தாத்தாவையும் ஆயாவையும் வாசலில் இறக்கிவிடுங்கள், கூட ஒருவரோடு. பார்க்கிங்கிலிருந்து நடக்கும் அந்தத் தூரத்தைத்தான் அவர்கள் முழங்கால் சாயங்காலம் வரை கணக்கு வைத்திருக்கும். கைப்பையும் போனும் சீட்டில் தெரியும்படி விடாதீர்கள்.

உள்ளே நுழைந்ததும்

முதல் வேலை முகாம். இரண்டு பேர் எதையும் பார்க்காமல் நேராகப் போய் நிழலான இடம் பிடிக்க வேண்டும். நிழல் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல், பகல் ஒரு மணிக்கு எங்கே இருக்கும் என்று பாருங்கள். நம் நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போவதால் சுவருக்குத் தெற்கே உள்ள நிழல்தான் நிலைக்கும். கழிப்பறை 50 அடிக்குள், படிக்கட்டு இல்லாத வழி, முதுகு சாய ஓர் இடம். குழந்தைக் குளம் கண்ணில் பட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது முறை. ஒன்றரை மணிக்கொரு முறை ஆள் மாற வேண்டும்: இரண்டு பெரியவர் பெரிய பிள்ளைகளோடு சறுக்கில், ஒருவர் சின்னவர்களோடு குளத்தில், ஒருவர் முகாமில். இதை எழுதி வைக்காவிட்டால் நடப்பது தெரிந்ததே. மருமகள் காலை முதல் மாலை வரை பைகளுக்குக் காவல் இருப்பார், வீட்டில் செய்த வேலையை வெளியிலும் செய்துவிட்டுத் திரும்புவார். முதல் சுற்றிலேயே அவரைச் சறுக்குக்கு அனுப்புங்கள்.

குழந்தைக் குளத்தில் இருப்பவருக்கு வேறு வேலை கிடையாது, போனும் கிடையாது. மூழ்கும் குழந்தை கத்தாது, கையாட்டாது, சத்தமில்லாமல் போய்விடும். இரண்டு வயதுப் பிள்ளை எப்போதும் கையெட்டும் தூரத்தில். நீண்ட நேரம் ஒருவரால் இப்படிக் கவனமாக இருக்க முடியாது, முறைக்கு நடுவிலும் முகாமில் இருப்பவரோடு மாறிக்கொள்ளுங்கள்; "இப்போ நீ பார்க்கிறாயா" என்று வாய்விட்டுச் சொல்லி, "பார்க்கிறேன்" என்று பதில் வந்த பிறகே திரும்புங்கள். நான்கு பெரியவர் சுற்றி நிற்கும் குளத்தில்தான் ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைப்பது.

ஆயாவை ட்யூபில் உட்காரவைப்பது

படியுள்ள நுழைவிடத்துக்கே போங்கள், விளிம்பிலிருந்து குதித்து ஏற வேண்டாம். மாப்பிள்ளையோ மகனோ முதலில் தண்ணீரில் இறங்கி, ட்யூபைத் தன் வயிற்றோடு அணைத்து, ஓட்டத்துக்கு எதிராக நிற்க வேண்டும். ஆயா கடைசிப் படியில் ட்யூபுக்கு முதுகு காட்டி நின்று, இரண்டு கையையும் பின்னால் நீட்டிக் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கட்டும். தொட்ட பிறகு, நாற்காலியில் உட்காருவதுபோல் பின்பக்கமாக உட்கார வேண்டும். முன்பக்கமாகக் காலைத் தூக்கி ஏறப் பார்த்தால் ட்யூப் நழுவும், ஆள் குப்புற விழுவார். உட்கார்ந்ததும் இடுப்பு உள்ளே இறங்கி முழங்கால் உயரும். அதுதான் சரியான நிலை. பிடித்தவர் கையை எடுக்காமல் கூடவே நடந்து வரட்டும். இறங்கும்போது படிக்கு அருகில் ட்யூபை நிறுத்தி, முதலில் ஒரு கால் தரையில், பிறகு மறுகால், பிறகுதான் இடுப்பை உயர்த்துவது. தண்ணீரை விட்டு ஏறியதும் உடம்பு திடீரென்று கனக்கும், இரண்டு நிமிடம் படியிலேயே உட்காரட்டும்.

பெரிய சறுக்கு தாத்தா ஆயாவுக்கு ஏன் ஆகாது என்றால், வேகத்தால் மட்டும் இல்லை. கீழே ஒரு சில அடியில் தண்ணீர் உடம்பை நிறுத்தும்போது அந்த அடி முதுகெலும்பில்தான் இறங்கும். எலும்பு தேய்ந்தவர், பேஸ்மேக்கர் வைத்தவர், கண் அறுவை புதிதாகச் செய்தவர், கர்ப்பிணி, யாரும் ஏறக் கூடாது. ஏறுகிறவர்கள் கணுக்காலைப் பின்னி, கையை மார்பில் கட்டி, மல்லாந்தே இருக்க வேண்டும். பாதி வழியில் பயந்து எழுந்து உட்கார்ந்தால் வேகம் குறையும், தோல் உரசும், மேலே இருந்து வருபவர் வந்து மோதுவார்.

கப்பலுக்குள்

மீன்காட்சியகம் கப்பலின் அடியில், நிலத்தடியில். வெளி வெயிலிலிருந்து இறங்கியதும் இருட்டுக்குக் கண் பழகச் சில நிமிடம் பிடிக்கும், வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாக. கால் தவறுவது அந்த முதல் இருபது அடியில்தான். உள்ளே நுழைந்ததும் ஓர் ஓரமாக இரண்டு நிமிடம் நின்று, தாத்தா "தெரியுதுப்பா" என்று சொன்ன பிறகு நடங்கள். பெரிய கண்ணாடி முன்னால் சுறாவும் திருக்கையும் நீந்துவதை உட்கார்ந்து பார்க்க இடம் கிடைத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். பிள்ளைகள் எல்லாத் தொட்டியையும் ஓடிப் பார்த்துவிட்டு வரட்டும்.

காட்சி நேரங்களை நுழையும்போதே குறித்து, இருபது நிமிடம் முன்னால் போய், படி ஏறாத வரிசையில் இடம் பிடியுங்கள். முன்வரிசையில் தண்ணீர் தெறிக்கும், காதுக்கருவி உள்ளவர் அங்கே வேண்டாம்.

கடற்கரை

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கடலோர நடைபாதைக்கு ஒதுக்குங்கள். டர்பன் கடற்கரைகள் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தவை, எல்லாருக்கும் திறந்தது 1989இல்தான். நம்மில் அறுபது தாண்டியவர்கள் எல்லாருக்கும் எந்த மணலில் உட்காரலாம், எதில் கூடாது என்று தெரிந்திருந்தது. தாத்தாவை நடத்தி வரும்போது, அவர்கள் குடும்பம் எங்கே உட்கார்ந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்கட்டும். இந்த நடைக்காகவே வரலாம் என்பது எங்கள் எண்ணம்.

கடலில் இறங்கினால் உயிர்காப்பாளர் நட்ட கொடிகளுக்கு நடுவில் மட்டும். கன மழை பெய்து இரண்டு மூன்று நாளுக்கு இறங்க வேண்டாம், ஆறுகள் கொண்டுவரும் அழுக்கு கடலில் நிற்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு பல கடற்கரைகளை மூடவே வேண்டியிருந்தது. கரையில் நீலப் பலூன்போல் ப்ளூபாட்டில் என்ற கொட்டும் கடலுயிர் ஒதுங்கியிருந்தால் தண்ணீரிலும் இருக்கும். கொட்டிவிட்டால் நூல்போன்ற இழைகளைக் கையால் தொடாமல் எடுத்து, கடல்நீரில் கழுவி, தாங்கும் சூட்டு வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். மணலால் தேய்த்தால் கூடும்.

ஜோஹன்னஸ்பர்க் பக்கத்தினருக்கு

லெனேசியா, லாடியம் வீட்டார் கோல்ட் ரீஃப் சிட்டி தீம் பார்க்குக்குப் போகும்போதும் முகாம், முறை, மருந்துப் பை எல்லாம் இதேதான். வித்தியாசம் இரண்டு. பழைய கிரவுன் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தின் மேல் கட்டிய இடம் என்பதால் நிலத்தடிச் சுற்று உண்டு. தாத்தாவுக்கு அதுதான் பெரிய சுவாரசியம், மூச்சுமுட்டும் பயம் உள்ளவரை மேலேயே விடுங்கள். கோடையில் பிற்பகல் இடிமின்னல் வந்தால் உயர ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள், ஆகவே பெரிய ராட்டினம் எல்லாம் பகல் ஒரு மணிக்குள் முடியட்டும்.

திரும்புவது

மூன்றரைக்கு நிறுத்துங்கள். "கடைசியாக ஒன்று" என்று போகும் சறுக்கில்தான் களைத்த கால் வழுக்கும். உப்பும் குளோரினும் போக எல்லாரும் நல்ல தண்ணீரில் குளித்து, உலர்ந்த துணி மாற்றிவிட்டே கோம்பியில் ஏறட்டும். ஈரத்தோடு ஏசியில் உட்கார்ந்தால் தாத்தாவுக்குக் குளிரெடுக்கும். ஃபிளாஸ்கில் வைத்த தேநீரை இப்போது ஊற்றுங்கள், காலையில் திறக்காமல் இதற்கென்று வைத்திருக்க வேண்டும். ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும், அதற்குமுன் சாலையில் இருப்பது நல்லது.

வீடு வந்ததும் ஆயாவின் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள், விரலிடுக்கு உட்பட. நீச்சல் துணிகளைப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் போடுங்கள். கூலர் பாக்ஸைத் துடைத்து, மூடியைத் திறந்தே வையுங்கள்.